ஊறிய கடலையும் ஈர்க்குச்சியும்

எங்கள் வீட்டில் ஹால் ஆஃப் நேஷன்ஸ் என்ற கண்காட்சிக் கூடத்தை முதலில் பார்த்தவர் அப்பா. பஸ் ஜன்னல் வழியாக, பல மாதங்கள், தவணை தவணையாகப் பார்த்தார்.

அது 1972. தில்லி ஸ்ரீநிவாசபுரியில் அரசு ஊழியர் குடியிருப்பில் இருந்தோம். அந்தப் பெயரைக் கேட்டுவிட்டு, கும்பகோணத்தில் இருந்த பாட்டி, மகன் ஏதோ பெருமாள் கோயில் வாசலில் குடியிருக்கிறான் என்று பல வருடங்கள் நிம்மதியாக இருந்தார். அப்பாவுக்கு இந்திரப்பிரஸ்தா எஸ்டேட்டில் ஓர் அலுவலகத்தில் கணக்கு வேலை. காலையில் மதுரா சாலை வழியாக வடக்கே போகும் பஸ். நிஜாமுதீன், உயிரியல் பூங்கா, புராணா கிலா எல்லாம் கடந்து, திலக் பாலத்துக்கு முன்னால் வலது கைப் பக்கம் விரிந்து கிடக்கும் பிரகதி மைதானம், அந்தக் கூடம் எழுந்துகொண்டிருந்த இடம். மாலையில் அதே வழி, இடது கைப் பக்கம். உட்கார இடம் கிடைக்காத நாட்களில்கூட யாருடைய தோளுக்கும் மேலாகக் குனிந்து பார்த்துவிட்டுத்தான் வருவார்.

வீட்டுக்கு வந்து கை கால் கழுவிக்கொண்டு காப்பி குடிக்கும்போது அன்றைய செய்தி வரும். "சாரம் இன்னும் ஓர் ஆள் உயரம் ஏறியிருக்கிறது." "இன்று கம்பி கட்டிக்கொண்டிருந்தார்கள்." "இத்தனை பெரிய கூடத்துக்கு நடுவில் ஒரு தூண்கூட இல்லை, தெரியுமா?" கடைசிச் செய்திதான் அவரைத் தூங்கவிடாமல் செய்தது என்று நினைக்கிறேன். தூணில்லாமல் எப்படி நிற்கும் என்று அம்மாவிடம் கேட்பார். அம்மா சாதம் வடித்துக்கொண்டே, "கட்டுகிறவர்களுக்குத் தெரியாதா?" என்பார். அந்தப் பதில் அவருக்குப் போதவில்லை.

அந்த நவம்பரில் அங்கே நடக்கவிருந்தது மூன்றாவது ஆசிய சர்வதேச வர்த்தகக் கண்காட்சி. எல்லோரும் அதை 'ஏஷியா 72' என்றுதான் சொன்னார்கள். நாடு விடுதலை பெற்று 25 ஆண்டுகள் ஆன வருடம் அது. பாரிஸில் இருக்கும் சர்வதேச அமைப்பின் முத்திரை பெற்ற 'எக்ஸ்போ' இன்றுவரை இந்தியாவில் நடந்ததில்லை. ஒசாகாவில் 1970இல் நடந்ததைப் பற்றி அப்பா பத்திரிகையில் படித்துவிட்டுச் சொல்லக் கேட்டதோடு சரி. ஆனால் ஒன்பது வயதுப் பெண்ணுக்கு முத்திரை எதற்கு? நாடுகள் எல்லாம் ஓர் இடத்துக்கு வந்து தங்கள் பொருள்களைப் பரப்பி வைக்கின்றன என்றால் அதுதான் உலகக் கண்காட்சி. இப்போதும் எனக்கு ஏஷியா 72தான் உலகக் கண்காட்சி.

ஒரு நாள் இரவு அப்பா ஒரு கைப்பிடி கொண்டைக்கடலையை ஊறவைக்கச் சொன்னார். சுண்டல் என்று நானும் தம்பியும் நினைத்தோம். மறுநாள் மாலை பாட்டி ஊரிலிருந்து கொடுத்தனுப்பிய தென்னந்துடைப்பத்தை எடுத்து, அதிலிருந்து ஈர்க்குச்சிகளை உருவி, ஒரே அளவாக ஒடித்து வைத்தார். அம்மாவுக்கு வந்த கோபம் நியாயமானது. தில்லியில் அப்படி ஒரு துடைப்பம் கிடைக்காது.

நான்கு குச்சிகளை நான்கு கடலையில் குத்தி ஒரு சதுரம் செய்து என் கையில் கொடுத்தார். "ஒரு மூலையைத் தள்ளிப் பார்." தள்ளினேன். சாய்ந்து சப்பையாகிவிட்டது. பிறகு மூன்று குச்சிகளும் மூன்று கடலைகளுமாக ஒரு முக்கோணம். "இதைத் தள்ளு." எந்தப் பக்கம் தள்ளினாலும் அசையவில்லை. குச்சியை ஒடித்தாலொழிய அதன் வடிவத்தை மாற்ற முடியாது என்பது என் விரல்களுக்குப் புரிந்த நொடி அது. பிற்பாடு முப்பது வருடங்கள் கணக்கு ஆசிரியையாக இருந்திருக்கிறேன். எத்தனையோ தேற்றங்களைக் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். அந்த அளவுக்கு எதுவும் யாருக்கும் புரிந்ததாகத் தெரியவில்லை.

அதன்பின் முக்கோணத்தின் மேல் முக்கோணமாக ஏற்றிக்கொண்டே போனோம். ஒரு கடலையில் எட்டுக் குச்சிகள்வரை வந்து கூடின. சில கடலைகள் பிளந்துபோயின, மாற்றினோம். கடைசியில் கூர்முனை வெட்டப்பட்ட கோபுரம் போல ஒன்று நின்றது. "இதுதான்" என்றார் அப்பா. கடலை ஈரமாக இருந்தவரை லேசாக ஆடியது. இரண்டு நாளில் காய்ந்து சுருங்கிக் குச்சிகளைக் கவ்விப் பிடித்துக்கொண்டது. மேலே ஒரு சொம்பை வைத்தால்கூடத் தாங்கியது. பரணுக்குப் பக்கத்தில் பொங்கல் வரைக்கும் இருந்தது, பிறகு எறும்பு வந்துவிட்டது.

அப்பா தானாக எட்டிப் பிடித்த அந்த வடிவத்துக்குப் பெயர் 'ஸ்பேஸ் ஃபிரேம்' என்பதை நான் கல்லூரியில்தான் தெரிந்துகொண்டேன். கட்டடத்தை வடிவமைத்தவர் ராஜ் ரேவல், அதை நிற்கவைத்த பொறியாளர் மகேந்திர ராஜ். ஹால் ஆஃப் நேஷன்ஸ் என்ற பெரிய கூடம் தூணே இல்லாமல் 78 மீட்டர் அகலத்தைத் தாவி நின்றது, உச்சி 21 மீட்டர். பக்கத்தில் ஹால் ஆஃப் இண்டஸ்ட்ரீஸ் என்ற சிறிய கூடங்கள், நடுவே சாய்தளங்கள்.

இதில் எனக்கு நெஞ்சை அடைக்கிற சங்கதி ஒன்று உண்டு. மற்ற நாடுகளில் இந்த வகைக் கூரைக்கு எஃகுதான் பயன்படுத்துவார்கள். மாண்ட்ரியலில் 1967 கண்காட்சிக்காக பக்மின்ஸ்டர் ஃபுல்லர் எழுப்பிய பெரிய கோளமும் எஃகுக் குழாய்தான். தொழிற்சாலையில் அளவெடுத்துச் செய்து வந்த துண்டுகளைக் களத்தில் கோத்துவிடலாம். நம்மிடம் அன்று அவ்வளவு எஃகு வாங்கப் பணமில்லை, அதை அப்படிச் செய்துதரும் பட்டறை வசதியும் போதவில்லை. ஆள்பலம் மட்டும் இருந்தது. ஆகவே கான்கிரீட்டிலேயே வார்த்தார்கள், அதுவும் நின்ற இடத்திலேயே. ஒவ்வொரு சாய்ந்த கைக்கும் சென்ட்ரிங் பலகை அடித்து, கம்பி கட்டி, ஒவ்வொரு முடிச்சிலும் பல திசைகளிலிருந்து வரும் கம்பிகளை ஒன்றோடு ஒன்று இடிக்காமல் நுழைத்து, கலவையைச் சட்டியில் தலைச்சுமையாக ஏற்றி ஊற்றினார்கள். கான்கிரீட்டில் இத்தனை பெரிய ஸ்பேஸ் ஃபிரேம் அதற்கு முன் உலகில் எங்கும் எழுந்ததில்லை. சித்தாள் பெண்கள் தலையில் சுமந்து ஏற்றிய உலகச் சாதனை அது. அப்பா பஸ்ஸிலிருந்து பார்த்தது அவர்களைத்தான்.

சாரத்தைப் பிரித்த அன்று அப்பா வீட்டுக்குள் நுழையும்போதே சொன்னார்: "நிற்கிறது."

இந்திரா காந்தி நவம்பர் 3ஆம் தேதி திறந்துவைத்தார். தீபாவளிக்காகப் பாட்டி ஜி.டி. எக்ஸ்பிரஸில் வந்திருந்தார். தீபாவளி முடிந்து அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஐந்து பேரும் கிளம்பினோம். அம்மா விடியற்காலையில் எழுந்து புளியோதரையும் தயிர்சாதமும் கட்டினார். மிச்சமிருந்த முறுக்கு ஒரு டப்பாவில். எனக்கும் தம்பிக்கும் பெட்டியிலிருந்து எடுத்த ஸ்வெட்டர், அந்த வருடக் குளிருக்கு முதல்முறையாகப் போட்டது. அந்த நாஃப்தலின் வாசனைதான் இன்றைக்கும் எனக்குக் கண்காட்சியின் வாசனை.

கூட்டம் என்றால் அப்படி ஒரு கூட்டம். செம்மண் தூசி. ஒலிபெருக்கியில் இந்தியில் காணாமல்போன குழந்தைகளின் அங்க அடையாளங்கள். அம்மா என் ஜடையின் ரிப்பனைத் தன் சேலைத் தலைப்போடு முடிந்துகொண்டார்.

உள்ளே பார்த்த பொருள்களில் முக்கால்வாசி எனக்கு மறந்துவிட்டது. இயந்திரங்கள், டிராக்டர்கள், கண்ணாடிப் பெட்டிக்குள் துணிகள். அந்தக் காலத்தை நினைத்துப் பார்க்கவேண்டும். ஸ்கூட்டருக்குப் பதிவு செய்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்த காலம். வெளிநாட்டுச் சாமான் என்றால் யாரோ ஒருவர் வீட்டு அலமாரியில் பூட்டி வைத்திருக்கும் ஒரு பேனா. அதனால் பெரியவர்கள் ஒவ்வொரு இயந்திரத்தின் முன்னும் சந்நிதியில் நிற்பதுபோல் நின்றார்கள். எனக்கு நன்றாக நினைவிருப்பது ஒரு பிளாஸ்டிக் வார்ப்பு இயந்திரம். ஒரு முனையில் மணிமணியாகச் சிவப்புப் பிளாஸ்டிக்கைக் கொட்டினார்கள். இயந்திரம் பெருமூச்சு விட்டது. அச்சு திறந்ததும் சீப்பு ஒன்று விழுந்தது. அங்கே நின்றவர் அதை எடுத்து என் கையில் கொடுத்தார். சூடாக இருந்தது. கடையில் தொங்கும் பொருளுக்கு ஒரு பிறப்பு உண்டு, பிறந்த உடனே அதற்கு உடம்புச் சூடு உண்டு என்று நான் அதுவரை நினைத்ததில்லை. அதே சீப்பால்தான் எட்டாம் வகுப்புவரை தலை வாரினேன். பல் நான்கு போன பிறகும் தூக்கிப்போட மனம் வரவில்லை.

பெரிய கூடத்துக்குள் நுழைந்தபோது கூட்டத்தின் இரைச்சல் திடீரென்று வேறுமாதிரி ஆயிற்று. எல்லாச் சத்தமும் மேலே போய்விட்டதுபோல. நிமிர்ந்து பார்த்தேன். எங்கள் கடலைக் கோபுரம். பெரிதாக, சாம்பல் நிறத்தில், எல்லா முக்கோணங்களிலிருந்தும் வெயில் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. தரை முழுவதும், ஆட்களின் முதுகில், இயந்திரங்களின் மேல், தம்பியின் மொட்டைத் தலையில் முக்கோண முக்கோணமாக வெளிச்சம். வடநாட்டு மாளிகைகளின் துளைகளிட்ட கல் ஜாலியை மனத்தில் வைத்துத்தான் அந்தச் சட்டகத்தின் ஆழத்தை வைத்தார்கள், நேர் வெயிலை அது தடுத்துவிடும் என்று பின்னால் படித்தேன். நமக்கும் இது புதிதல்ல. கோயில் மண்டபத்தில் பலகணி வழியாக வெயில் விழுவதைப் பார்த்து வளர்ந்தவர் பாட்டி.

அதனால்தானோ என்னவோ, அவர் மட்டும் அந்த இடத்தில் திகைக்கவில்லை. சுற்றும் முற்றும் பார்த்தார். பிறகு அப்பாவிடம், "பிராகாரம் நன்றாக இருக்கிறது. மூலவர் எங்கே?" என்று கேட்டார்.

அப்பா சிரிக்கவில்லை. அவர் யோசித்துக்கொண்டு நின்ற முகம் எனக்கு இன்னும் தெரிகிறது. பாட்டி பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கூடத்தின் ஓரமாக வலமாக நடக்கத் தொடங்கினார். நானும் கூடவே போனேன். ஒரு சுற்று முழுக்க நடந்து, கிளம்பிய இடத்துக்கே வந்து, கையைக் குவித்துக் கண்ணை மூடிக்கொண்டார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

புல்வெளியில் செய்தித்தாள் விரித்துச் சாப்பிட்டோம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பஞ்சாபிக் குடும்பம் எங்கள் முறுக்கை வாங்கிக்கொண்டு முள்ளங்கிப் பராத்தா கொடுத்தது. இருட்டும்வரை இருந்தோம். விளக்கேற்றிய பிறகு கூடம் ஒரு பெரிய லாந்தர் போல இருந்தது. தம்பி அப்பாவின் தோளில் தூங்கிவிட்டான்.

வீடு திரும்பும்போது என்னிடம் இரண்டு கிலோ காகிதமாவது இருந்திருக்கும். எந்தக் கூடத்தில் எது கொடுத்தாலும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். வழவழப்பான தாள், வண்ணப் படங்கள், எனக்குத் தெரியாத எழுத்துகள். புதுப் பள்ளி ஆண்டு தொடங்கும் சமயமாக இருந்திருந்தால் எல்லாவற்றையும் அட்டை போட்டிருப்பேன். நடுவருடமாகையால் ஏற்கெனவே கிழிந்துபோன புத்தகங்களுக்கு மட்டும் போட அம்மா அனுமதித்தார். என் கணக்குப் புத்தகத்தின் மேல் ஒரு நீல டிராக்டர் இருந்தது. வகுப்பில் எல்லாப் புத்தகங்களும் பழுப்புத் தாளில் இருக்கவேண்டும் என்பது விதி. ஆசிரியை டிராக்டரைப் பார்த்தார், "எங்கே கிடைத்தது?" என்று கேட்டார், சொன்னேன். புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அடுத்த ஞாயிறு அவரும் போனார்.

1980இலிருந்து ஆண்டுதோறும் நவம்பர் 14ஆம் தேதி அங்கே இந்திய சர்வதேச வர்த்தகக் கண்காட்சி தொடங்கியது. தில்லித் தமிழர்களுக்கு அது தமிழ்நாடு அரங்கு என்று பொருள். காஞ்சிப் பட்டு, தஞ்சாவூர்த் தட்டு, சின்னாளப்பட்டி என்று ஒரு நாள் முழுக்க ஊர்ப் பெயர்களைப் பார்த்துக்கொண்டே நடக்கலாம். 1984இல் அப்பு கர் என்ற பொழுதுபோக்குப் பூங்கா வந்தது, என் பெண் அதற்காகவே அழுவாள், அதுவும் 2008இல் மூடப்பட்டது. நாங்கள் மயூர் விஹாருக்குக் குடிபோனோம். 2009 கடைசியில் மெட்ரோ வந்த பிறகு, பள்ளிக்குப் போகும் வழியில் யமுனையைத் தாண்டி, இந்திரப்பிரஸ்தாவுக்கு அடுத்தது பிரகதி மைதான் நிலையம். உயரத்தில் ஓடும் பாதை. இடது கைப் பக்கம் ஜன்னலில் ஹால் ஆஃப் நேஷன்ஸ். ஒரு நாள்கூடப் பார்க்காமல் கடந்ததில்லை. அப்பா பார்த்ததுபோலவே, ஓடும் வண்டியிலிருந்து, தினமும் சில நொடிகள். கான்கிரீட் கறுத்திருந்தது, மழைநீர் வழிந்த கோடுகள் தெரிந்தன. ஒழுங்காகப் பார்த்துக்கொண்டிருந்தால் இன்னும் நூறு வருடம் நின்றிருக்கும்.

2017 ஏப்ரல் 24, திங்கட்கிழமை. காலை வண்டியில் வழக்கமான இடத்தில் நின்றிருந்தேன். இந்திரப்பிரஸ்தா தாண்டியது. ஜன்னலில் வானம் அதிகமாக இருந்தது. ஏதோ மாறியிருக்கிறது என்று உடம்புக்கு முதலில் தெரிந்தது, கண்ணுக்குப் பிறகுதான் தெரிந்தது. ஞாயிறு இரவோடு இரவாக இடித்துவிட்டார்கள். குவியலிலிருந்து கம்பிகள் நாலா பக்கமும் நீட்டிக்கொண்டிருந்தன. முடிச்சுகளில் கூடியிருந்த கம்பிகள்.

ராஜ் ரேவல் நீதிமன்றம் வரை போயிருந்தார். கட்டடக் கலைஞர்கள் பல நாடுகளிலிருந்து கடிதம் எழுதியிருந்தார்கள். அறுபது வயது நிரம்பாத கட்டடம் பாரம்பரியச் சின்னம் ஆகாது என்பது எதிர்த்தரப்பின் வாதம். அதற்கு வயது 45. எனக்கு அந்த வாதம் அன்றும் புரியவில்லை, இன்றும் புரியவில்லை. அறுபது வயது ஆகவேண்டுமானால் ஐம்பத்தொன்பதாவது வயதில் யாராவது அதைக் காப்பாற்றி வைத்திருக்க வேண்டாமா? பாரிஸின் ஈஃபல் கோபுரம் 1889 கண்காட்சிக்காக எழுந்தபோது இருபது ஆண்டுகளுக்குத்தான் அனுமதி. வானொலி அலைக்குப் பயன்படும் என்று தெரிந்ததும் விட்டுவைத்தார்கள், இன்று அதுதான் அந்த ஊர். 1851இல் லண்டனில் எழுந்த கிறிஸ்டல் பேலஸ் 1936இல் எரிந்துபோனது, தீக்கு யாரும் பொறுப்பு சொல்ல முடியாது. நம்முடையதை நாமே, தூங்கும் நேரத்தில், இயந்திரம் வைத்து உடைத்தோம். 2022இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் தெற்காசியக் கட்டடக் கலைக்காக நடத்திய கண்காட்சியில் ஹால் ஆஃப் நேஷன்ஸ் இடம்பெற்றது. மகேந்திர ராஜ் மறைந்ததும் அதே வருடம்தான்.

அந்த இடத்தில் இப்போது பாரத் மண்டபம் இருக்கிறது. 2023 ஜூலையில் திறந்தார்கள், செப்டம்பரில் ஜி20 மாநாடு அங்கேதான் நடந்தது. நான் போயிருக்கிறேன். குளிர்ச்சியாக, விசாலமாக இருக்கிறது. மெட்ரோ நிலையத்தின் பெயரையும் உச்ச நீதிமன்றம் என்று மாற்றிவிட்டார்கள்.

அப்பா 2011இலேயே போய்விட்டார். இடித்ததை அவர் பார்க்கவில்லை. அந்தத் திங்கட்கிழமை மாலை வீட்டுக்கு வந்து, இத்தனை வருடம் தொடாமல் வைத்திருந்த அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தேன். ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு செலவு டைரி. காய்கறி, பால், பஸ், தபால்தலை, எல்லாம் நயா பைசா வரை. மனத்தில் பட்டதை எழுதும் பழக்கம் அவருக்குக் கிடையாது.

1972 நவம்பர் 12, ஞாயிறு. பஸ், நுழைவு, வேர்க்கடலை, தேநீர் இரண்டு. நான் எதிர்பார்த்தது அவ்வளவுதான். பக்கத்தைப் புரட்டினேன். அந்த வியாழன்: 'பி.மை. நுழைவு.' பிரகதி மைதானம்தான். அடுத்த வாரம் மறுபடி 'பி.மை.' அடுத்த மூன்று வாரங்களில் நான்கு முறை, எல்லாம் வேலை நாட்கள். அந்த நாட்களில் அலுவலகத்தில் வேலை அதிகம் என்று தாமதமாக வந்தார். அம்மா சாதத்தை மூடிவைத்துக்கொண்டு காத்திருந்தது எனக்கு நினைவிருக்கிறது.

மூன்றாவது 'பி.மை.'க்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு சின்ன முக்கோண வலை வரைந்திருக்கிறார், கூர்முனை வெட்டியது. அதன் கீழே குறுக்குக் கோடு போட்டு ஐந்தைந்தாக எண்ணிய கணக்கு. ஒரு பக்கச் சுவரின் முடிச்சுகளை எண்ணியிருக்கிறார். நான்காம் முறையும் எண்ணியிருக்கிறார். இரண்டு கூட்டுத்தொகைக்கும் மூன்று வித்தியாசம். முப்பது வருடம் ஒரு பைசா பிசகாமல் கணக்கு முடித்தவர், சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறார்: 'ஒத்துவரவில்லை. மறுபடி போகவேண்டும்.'

அதற்குப் பிறகு அந்த வருட டைரியில் 'பி.மை.' இல்லை. டிசம்பரில் தம்பிக்கு அம்மை போட்டுவிட்டது.

பழைய புகைப்படங்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு நான் எண்ணிப் பார்க்கிறேன். பூதக்கண்ணாடியும் பென்சிலும் வைத்துக்கொண்டு, அவரைப் போலவே ஐந்தைந்தாக. அவர் எந்தப் பக்கத்திலிருந்து எண்ணினார் என்று படத்தைப் பார்த்தால் தெரிகிறது, சாய்தளம் இடது ஓரத்தில் வரும் பக்கம். அந்தப் பக்கம் முழுதாகத் தெரியும் படம்தான் கிடைக்கவில்லை. என்னிடம் இருப்பவற்றில் எல்லாம் கீழ் மூலையை ஒரு வேப்பமரம் மறைத்திருக்கிறது. மரம் வளர்வதற்கு முன்னால், அந்த முதல் வருடத்தில் எடுத்த படம் யார் வீட்டு ஆல்பத்திலாவது இருக்கும். முன்னால் யாராவது ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நின்றாலும் பரவாயில்லை, பின்னால் சுவர் தெரிந்தால் போதும்.